கரிக்காத்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எங்க வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், நான் வேலை பாக்குற லேப்ல பியூன் வரைக்கும் தெரியும். எது கேட்டாலும் பட்டுனு பதில் சொல்லிருவேன். தெரியாதுங்குற வார்த்தை என் வாயில லேசுல வராது. அந்த வாயால நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பத்தித்தான் இங்க எழுதுதேன். எழுத உக்காந்தாலே காது சூடாகுது.

நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. எங்க கடற்கரைத் தெருவுல பொம்பளப் பிள்ளைக படிச்சா டீச்சராப் போவாங்க, நர்சாப் போவாங்க. "இவ மட்டும் எம்.எஸ்ஸி. படிச்சுட்டுக் கரி சுடப் போனா"ன்னு அம்மா சொல்லுவா. அவ சொல்றதுலயும் தப்பில்ல. உடன்குடிப் பக்கம் இருந்து எங்க லேப்புக்குச் சாக்குச் சாக்கா பனங்கொட்டை ஓடு வரும். கிழங்கு எடுத்த பெறகு அடுப்பெரிக்கத் தவிர ஒண்ணுக்கும் ஆகாத ஓடு. அத ஒடச்சு, காத்துப் படாம சுட்டுக் கரியாக்கி, பொட்டாஷக் கலந்து மறுபடியும் சூளையில வச்சு, கழுவிக் காயவச்சா, கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்துரும். ஆப்பத்துக்கு நடுவுல இருக்கும்லா, அந்த மாதிரி ஓட்டை. ஆனா ஓட்டைக்குள்ள ஓட்டை, அதுக்குள்ளயும் ஓட்டை. ஒரு கரண்டிக் கரியோட உள்சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா மாதா கோயில் மைதானம் பத்தாது.

அனல்மின் நிலையத்துச் சிம்னிப் புகையில கார்பன் டை ஆக்சைடு இருக்குல்லா, அது இந்த ஓட்டைக்குள்ள போயி ஒட்டிக்கிடும். சூடு காட்டினா வெளிய வந்துரும். அப்போ அத வானத்துக்கு விடாம தனியாப் புடிச்சு வச்சுக்கிடலாம். கரி அதத் தின்னுறதில்ல, கொஞ்ச நேரம் தங்க எடம் குடுக்குது, அவ்வளவுதான். எவ்வளவு தங்குது, எந்தச் சூட்டுல தங்குது, ஈரம் வந்து எடத்தப் புடிச்சுக்கிட்டா என்ன ஆகுது, இதத்தான் நாங்க வருசக்கணக்கா அளந்துக்கிட்டு இருக்கோம். கடலோர ஊருல ஈரத்துக்கா பஞ்சம்? காலையில காயவச்ச கரி மத்தியானம் தண்ணியக் குடிச்சிட்டு நிக்கும்.

இத வீட்டுல வெளக்க நான் பட்ட பாடு இருக்கே! கார்பன் டை ஆக்சைடுன்னா அம்மா வாயில அது ஏதோ டாக்சி ஆயிரும். பாடப்புத்தகத்துல உள்ளபடி கரியமில வாயுன்னு சொன்னேன். "வாயுவா? சுக்குத் தண்ணி வச்சுக் குடிக்கச் சொல்லு, தன்னால எறங்கிரும்"னுட்டா. அப்போதான் நானே ஒரு பேரு வச்சேன், கரிக்காத்துன்னு. கரி எரிஞ்சா வர்ற காத்து, கரியாலயே புடிக்கிற காத்து. அம்மாவுக்குப் புடிச்சுப் போச்சு. தம்பி, தம்பி பொண்டாட்டி, பக்கத்து வீடு, எல்லாரு வாயிலயும் அந்தப் பேரு நின்னுபோச்சு. எனக்குப் பெருமை தாங்கல. ஒரு புதுச் சொல்லே உண்டாக்கிட்டேன்லா!

எனக்கு ஒரே தம்பி. சங்கு குளிக்கான். இப்பல்லாம் யாரும் மூச்சடக்கி முங்குறதில்ல. பஞ்சர் கடையில டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி ஒரு கம்ப்ரசர வள்ளத்துல தூக்கி வச்சிருப்பாங்க. அது டீசல் எஞ்சின்ல ஓடும். அதுல இருந்து நீளமா ஒரு ஓஸ் தண்ணிக்குள்ள போகும். ஓஸ் முனையப் பல்லால கடிச்சுக்கிட்டு ஆறு பாகம், ஏழு பாகம் ஆழத்துல தரையோட தரையா நடந்து சங்கு பொறுக்கணும். ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவோ அது ஒரு பாகம். மேல வள்ளத்துல எஞ்சின் புகையத் தள்ளும். பக்கத்துலயே கம்ப்ரசர் காத்த இழுக்கும். கீழ தம்பி அதத்தான் குடிக்கணும்.

தலைவலியோட வருவான். வந்ததும் குசினிக்குள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி குடிப்பான், பின்பக்கம் போயி வாந்தி எடுப்பான். ஏப்பம் விட்டா டீசல் பங்க்ல நிக்கிற மாதிரி இருக்கும். தம்பி பொண்டாட்டிக்கு அழுகையா வரும். ஒரு நா சோறு போடும்போது என்னப் பாத்துச் சொன்னா:

"மைனி, எவன் சிம்னிக்கோ வருசமெல்லாம் கரி சுடுதீய. ஒங்க தம்பி குடிக்கிற புகைக்கு ஒங்ககிட்ட ஒண்ணும் கெடையாதா?"

"அவ ஊருக்குத்தான் கரி சுடுவா. வீட்டுல அடுப்பு கூடப் பத்த வைக்க மாட்டா"ன்னு அம்மா எண்ணெய ஊத்துனா.

எனக்குச் சுருக்குனு ஆயிப்போச்சு. மறுநாளே வேலையில எறங்கிட்டேன். கைத்தண்டி பிவிசி குழாய் ஒண்ணு எடுத்து, லேப்ல கழிச்சுப் போட்ட கரியச் சல்லடையில சலிச்சு நெரப்பி, ரெண்டு முனையிலயும் துணிய வச்சு, ஓட்டை போட்ட மூடியத் திருகுனேன். கம்ப்ரசர் காத்த இழுக்குற வாயில மாட்டுற மாதிரி ஒரு ரப்பர் வளையமும் வச்சேன். பாக்கக் கம்பெனிச் சாமான் மாதிரியே இருந்துச்சு.

தம்பி அதத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"எஞ்சின் புகையில கரிக்காத்து இருக்காக்கா?"

"இருக்கு."

"இது அதப் புடிச்சிருமா?"

"புடிக்காம? அதுக்குத்தானலே எனக்குச் சம்பளம் குடுக்கான்!"

நான் பொய் சொல்லல. எஞ்சின் புகையில கார்பன் டை ஆக்சைடு இருக்கு. என் கரி அதப் புடிக்கும். நாலு மூச்சுக்குப் புடிக்கும், அதுக்குள்ள ஓட்டையெல்லாம் ரொம்பிரும், அது வேற கதை. ஆனா என் தம்பி கரிக்காத்துன்னு கேட்டது கார்பன் டை ஆக்சைட இல்ல. எஞ்சின்ல இருந்து வர்ற கெட்ட காத்து அம்புட்டையும் சேத்துத்தான் கேட்டான். அவன் வாயில அந்தச் சொல்லு வளந்துபோயிருந்துச்சு. சொல்ல உண்டாக்குனவ நான். அது எங்கன போயி நிக்குன்னு நான் பாக்கல.

முத நா சாயங்காலம் தம்பி வந்தான், சிரிச்சுக்கிட்டே வந்தான். "அக்கா, ஏசி ரூம்ல இருக்காப்புல இருக்கு. டீசல் வாடைன்னா என்னன்னு கேக்கு!" அன்னைக்கு வாந்தி இல்ல. என் தட்டுல ரெண்டு துண்டு மீனு கூட வந்துச்சு. தம்பி பொண்டாட்டி என் கையப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் விடல.

அது தெருவுல பரவ எவ்வளவு நேரமாகும்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்தா, தம்பி போற வள்ளத்துக்காரரு நாலு பேரு முன்னால வச்சு, "நம்ம பிள்ள படிச்ச படிப்பு நமக்கே ஒதவுது பாத்தீயளா"ன்னாரு. அடுத்த ஞாயிறு நான் நல்ல சேலையா எடுத்துக் கட்டிட்டுப் போனேன். இதச் சொல்ல எனக்கு இப்பவும் நாக்குத் திரும்ப மாட்டேங்கு, ஆனா கட்டிட்டுத்தான் போனேன்.

இன்னும் மூணு வள்ளத்துல இருந்து கேட்டாங்க. மூணு குழாய் செஞ்சு குடுத்தேன். நாலாவதா ஒரு அண்ணாச்சி என்னக் கேக்காமலே, இஸ்திரிப் பெட்டிக் கரிய ஒடச்சுப் போட்டு அவராவே ஒண்ணு செஞ்சு வச்சிருந்தாரு. அதக் கடற்கரையில பாத்துட்டு நான் அவர விட்ட வெரட்டு! "இது அடுப்புக்கரி அண்ணாச்சி, இதுல எங்க ஓட்டை இருக்கு? இதுக்குன்னு படிச்சவங்க எதுக்கு இருக்கோம்? பேசாம இதுல சட்டையத் தேயும்"னேன். சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு, பாவம்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாள்ல, ஒரு மத்தியானம், லேப்ல இருக்கும்போது போன் வந்துச்சு. தம்பிய ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னாங்க.

அன்னைக்குக் கடல்ல ஒரு பொட்டுக் காத்து இல்லையாம். எஞ்சின் புகை கலையாம வள்ளத்துக்கு மேலயே நின்னுருக்கு. தம்பி ரொம்ப நேரமா மேல வரல. சங்கு நெறைய கெடக்கு போலன்னு நெனச்சிருக்காங்க. அவன் இடுப்புல கட்டியிருந்த கயித்த ஆட்டிப் பாத்தா பதில் இல்ல. இழுத்துப் போட்டா ஆளுக்கு நெனவில்ல. மொகம் மட்டும் செக்கச் செவேல்னு இருந்துச்சாம். சாகக் கெடக்குறவன் மொகமாவே தெரியலன்னு கூடப் போனவன் சொன்னான்.

நான் போகும்போது தம்பி மொகத்துல ஆக்சிஜன் மாஸ்க். அம்மா செபமாலைய உருட்டிக்கிட்டு இருந்தா. தம்பி பொண்டாட்டி என்னப் பாத்ததும் ஓடி வந்து கட்டிக்கிட்டா. "மைனி, ஒங்க கரி மட்டும் இல்லைன்னா அங்கனயே முடிஞ்சிருப்பாக மைனி. ஒங்க கரிதான் காப்பாத்திருக்கு." நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆமா, அந்த நேரம் வரைக்கும் நானும் அப்படியே நெனச்சுக்கிட்டு அவ முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டு நின்னேன்.

மறுநா காலையில தம்பி கண்ண நல்லா முழிச்சுட்டான். டாக்டரு சின்ன வயசுப் பொண்ணு. கார்பன் மோனாக்சைடு ஏறிருக்கு, நல்ல வேளை கொஞ்சம் முந்தித் தூக்கிட்டாங்கன்னு சொல்லிச்சு. அதக் கேட்டதும் தம்பி பொண்டாட்டி முந்திக்கிட்டா.

"அது வராது டாக்டர். கரிக்காத்தெல்லாம் போகாது. எங்க மைனி அதுக்குன்னு கரி வச்சுக் குழாய் செஞ்சு குடுத்திருக்காங்க. கெமிஸ்ட்ரி படிச்சிருக்காங்க."

டாக்டரு என்னப் பாத்துச்சு. பெறகு தம்பிகிட்டக் கேட்டுச்சு, "கீழ இருக்கும்போது டீசல் ஸ்மெல் எதுவும் வரலையா? வந்தா மேல ஏறிருவீங்கள்ல?"

"வாடையே இல்ல டாக்டர்"னான் தம்பி, மாஸ்க விலக்கிட்டு. "முன்னெல்லாம் வாடை ஏறுனா மேல வந்துருவேன். இப்பதான் வாடையே கெடையாதே. அதான் இன்னுங் கொஞ்ச நேரம் பொறுக்குவோம்னு கெடந்தேன்."



எங்க லேப்ல நாங்க எழுதுன கட்டுரையில ஒரு பட்டியல் உண்டு. எந்தக் காத்து எங்க கரியில எவ்வளவு ஒட்டுதுன்னு. அதுல மோனாக்சைடுக்கு நேரா, ஒண்ணும் பெருசா இல்லைன்னுதான் இருக்கும். அது இந்த ஓட்டைகள மதிக்கவே மதிக்காது, வந்த வழியே போயிரும். அதே நேரத்துல டீசல் வாடை இருக்குல்லா, அந்த எண்ணெய்ப்பச உள்ள ஆவி, அது ஓடிப்போயி ஓட்டைக்குள்ள பதுங்கிக்கிடும். பட்டியல டைப் அடிச்சதே நான்தான். எந்தப் பாவி சொல்லித் தரணும் எனக்கு? நான் கரி வச்சது விஷத்துக்கு இல்ல, வாடைக்கு. விஷம் வருது பாத்துக்கோன்னு தம்பிக்குச் சொல்ல இருந்த ஒரே ஆளு அந்த வாடைதான். அந்த ஆள நான் வாசல்லயே புடிச்சு வச்சுட்டு, விஷத்த உள்ள விட்டிருக்கேன்.

"நீங்கதான் செஞ்சீங்களா?"ன்னு டாக்டரு கேட்டுச்சு. நான் தலைய ஆட்டுனேன். அதுக்கு மேல வாய் வரல. என் வாய்! தம்பி பொண்டாட்டி என் கையப் புடிச்சுக்கிட்டு இன்னும் பெருமையா நிக்கா. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். சொல்லல.

பெறகு ஒருக்கா பாவசங்கீர்த்தனத்துல பங்குச் சாமிகிட்ட இதச் சொன்னேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, "தெரிஞ்சு செஞ்சியாம்மா?"ன்னாரு. "படிச்சது தெரியும் சாமி, யோசிக்கல"ன்னேன். "அப்போ பாவமில்ல, போயிட்டு வா"ன்னுட்டாரு. பாவமில்லைன்னா வெக்கம் போயிருமா? பரிகாரமா செபமாலையில ஒரு பத்து மணி குடுத்திருந்தாலாவது சொல்லித் தீத்திருப்பேன்.

அன்னைக்குக் காலையில, டாக்டரு முன்னாடி இருந்து நழுவி ஆஸ்பத்திரி வராண்டாவுல வந்து நின்னப்போதான் அடுத்த இடி. நான் குழாய் குடுத்த மத்த மூணு வள்ளமும் காலையிலயே கடலுக்குப் போயிருக்கும். அன்னைக்கும் காத்து இல்ல. ஆஸ்பத்திரி வேப்பமரத்துல எல அசையல. அந்த மூணு வள்ளத்து ஆளுகளும் அந்த நேரத்துல தண்ணிக்குள்ள, வாடையில்லாத காத்தக் குடிச்சுக்கிட்டு, நிம்மதியா நடந்துக்கிட்டு இருக்காங்க. போன் போட்டா ஒருத்தனுக்கும் லைன் கெடைக்கல. கரையில இருந்த தம்பி வள்ளத்துக்காரரு மட்டும் எடுத்தாரு. "ஏதாவது வள்ளம் போறதா இருந்தா ஆள அனுப்பி அவங்களத் தண்ணிய விட்டு ஏறச் சொல்லும்"னேன். எதுக்கும்மான்னாரு. "சொல்லும், காரணம் நேர்ல சொல்லுதேன்"னேன். பாருங்க, அப்பவும் போன்ல காரணத்தச் சொல்லல.

லேப்புக்கு ஓடுனேன். மோனாக்சைடு வந்தா கீச்சுக்கீச்சுனு கத்துற கருவி ஒண்ணு சூளை பக்கத்துல மாட்டிருக்கும். அதக் கழட்டிக்கிட்டு இருக்கையில எங்க கைடு சாரு வந்துட்டாரு. சொன்னேன். அவரு சத்தம் போடல. "இது மோனாக்சைடு புடிக்காதுன்னு நாமதானம்மா எழுதினோம்"னாரு. கருவிய எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. வஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

லேப் இருக்குற முத்தையாபுரத்துல இருந்து டவுனுக்கு பஸ் வர்ற நேரம் எனக்கு மனப்பாடம். அன்னைக்கு அந்த பஸ் நகரவே இல்ல. சன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டு, ரோட்டோரத்துல எந்தக் கொடியாவது, எந்தச் சேலையாவது காத்துல ஆடுதான்னு பாத்துக்கிட்டே வந்தேன்.

நான் கடற்கரைக்குப் போயிச் சேரும்போது, வள்ளத்துக்காரரு சொல்லி அனுப்புனதக் கேட்டு, மூணு வள்ளமும் கரை ஏறியிருந்துச்சு. எல்லாரும் இருந்தாங்க. ஒருத்தன் சோத்துப் போணியத் தொறந்து வச்சுக்கிட்டு இருந்தான், ஒருத்தன் ஓஸச் சுருட்டிக்கிட்டு இருந்தான். ஒவ்வொரு மொகமா எண்ணிப் பாத்தேன். அப்படியே மணல்ல உக்காந்து அழணும்போல இருந்துச்சு. ரெண்டு பேருக்குத் தலைவலி, அவ்வளவுதான். தாயே மாதாவே, அவ்வளவுதான்.

"தம்பி எப்படிக்கா இருக்கான்?"

"இருக்கான். ஏ, எல்லாரும் குழாயக் கழட்டுங்க. திருப்பித் தாங்க."

ஒருத்தன் சிரிச்சான்.

"பயந்துட்டீயளாக்கா? ஒங்க தம்பி காலையிலயே வள்ளத்துக்காரருக்கு போன் போட்டுச் சொல்லிட்டானே. அவன்தான் தலகீழா மாட்டிட்டானாம். ஒங்க குழாய்ல ஒரு கொறையும் இல்லைன்னான். நாங்கல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கோம்."

"நான் அம்புக்குறியே போட்டு வச்சிட்டேன்க்கா, மாறிறக் கூடாதுன்னு"ன்னான் சோறு தின்னுக்கிட்டு இருந்தவன். எட்டிப் பாத்தேன். நான் செஞ்ச குழாய்ல சிவப்புப் பெயின்ட்ல அழகா ஒரு அம்புக்குறி. அந்தக் குழாய்க்குத் தலையும் கெடையாது, காலும் கெடையாது. எப்படி மாட்டினாலும் ஒண்ணுதான்.

எனக்கு அப்போதான் வெளங்குச்சு. டாக்டரு கேட்டப்போ என் மொகம் போன போக்க அந்தப் பய பாத்திருக்கான். அக்கா மானம் போயிரக் கூடாதுன்னு, நான் இந்தப் பக்கம் லேப்புக்கு ஓடுன நேரத்துல, மாஸ்க விலக்கிட்டு போன் போட்டிருக்கான். சாகக் கெடந்து எந்திரிச்சவன் மொத வேலையா எனக்காகப் பொய் சொல்லிருக்கான். அந்தப் பொய்ய நம்பி இவங்க நாளைக்கும் முங்குவாங்க.

"அவன் சொல்றது பொய்"னேன்.

"ஏன்க்கா, அவனே ஒத்துக்கிட்டான்…"

"பொய்யிங்கேன்லா! அவன் ஒழுங்காத்தான் மாட்டுனான். தப்பு என்னோடது. கூறுகெட்ட மூதி, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். என் கரி வாடையத்தான் புடிக்கும். விஷத்தப் புடிக்காது."

சத்தம் கூடிப்போச்சு போல. வல பின்னிக்கிட்டு இருந்தவங்க, மீனு வாங்க வந்த பொம்பளைங்க, எல்லாரும் திரும்பிட்டாங்க. வள்ளத்துக்காரரு மெதுவாக் கேட்டாரு, "ஏம்மா, நீதான கரிக்காத்தப் புடிக்கும்ன?"

"கரிக்காத்து ரெண்டு இருக்கு அண்ணாச்சி. ஒண்ணத்தான் நான் சொன்னேன். இன்னொண்ணுக்கு நான் பேரே வைக்கல."

"அதுக்கு என்ன பேரு?"

இங்கிலீஷ்ப் பேரச் சொன்னா திரும்பவும் கார்பன்லதான் ஆரம்பிக்கும். திரும்பவும் அந்தக் கொழப்பந்தான். "ஊமக்காத்து"ன்னு வாயில வந்துச்சு. "வாடை இருக்காது, நெறம் இருக்காது, இருமல் வராது. ஆளத் தூங்க வைக்கிற மாதிரி வச்சுக் கொன்னுரும்."

சொன்னா நம்புற மொகமா ஒண்ணும் இல்ல. எஞ்சினப் போடச் சொன்னேன். எப்பவும் வைக்கிற எடத்துலயே கம்ப்ரசர வச்சு, என் குழாய மாட்டி, ஓஸ் முனைய ஒரு பக்கெட்டுக்குள்ள விட்டு மேல துண்டப் போட்டு மூடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, அம்புக்குறி போட்டவன் துண்டு ஓரத்தத் தூக்கி மோந்து பாத்தான்.

"வாடையே இல்லையேக்கா, சுத்தமா இருக்கே"ன்னான்.

கருவிய உள்ள வச்சேன். வச்ச கையோட கத்த ஆரம்பிச்சுருச்சு. வெளிய எடுத்தா அடங்குச்சு, உள்ள வச்சாக் கத்துச்சு. எஞ்சின நிறுத்துங்கன்னு யாரோ சொன்னாங்க. நிறுத்துன பெறகும் பக்கெட்டுக்குள்ள அது கத்திக்கிட்டே இருந்துச்சு.

இஸ்திரிக்கரி அண்ணாச்சி தொண்டையச் செருமிக்கிட்டுக் கேட்டாரு, "அப்போ என் கரி?"

"ஒம்ம கரியும் அதப் புடிக்காது. ஆனா ஒம்ம கரிக்கு வாடையும் நிக்காது. அதனால நீரு வாடை ஏறுனதும் மேல வந்திருவீரு. என் கரிக்கு ஒம்ம கரி எவ்வளவோ தேவல."

இந்தத் தடவ யாரும் சிரிக்கல. அவருங்கூட. அம்புக்குறி போட்டவன் பொண்டாட்டி சோத்துப் போணி எடுத்துட்டுப் போக வந்து நின்னவ, அவளே வள்ளத்துல ஏறி, குழாயத் திருகிக் கழட்டி, என் கையில கொண்டாந்து குடுத்தா. வயித்துல பிள்ள. ஏழோ எட்டோ மாசம் இருக்கும். அவ என் மூஞ்சியில துப்பிருந்தாக்கூட நான் தொடச்சிருக்க மாட்டேன்.

கம்ப்ரசர எஞ்சின் புகைக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வைக்கணும், காத்த இழுக்குற வாய்க்கு நீளமாக் குழாய் குடுத்து ஒசரமா ஒரு கம்புல கட்டணும், காத்து இல்லாத நாள்ல முங்கவே கூடாது, வாடை வந்தா ஒடனே ஏறிறணும்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. ஆனா நான் சொல்லி முடிச்சதும் வள்ளத்துக்காரரு, "எதுக்கும் வேற யாருகிட்டயாவது ஒருக்காக் கேட்டுக்குவோம்"னாரு. எங்கிட்ட இல்ல, அவங்களுக்குள்ள பேசுற மாதிரி. அதுதான் ஞாயம். நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லிருப்பேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையில தம்பியோடதும் சேத்து நாலு குழாயும் கருவியும் கெடந்துச்சு. அம்மாவும் தம்பி பொண்டாட்டியும் காப்பி வாங்கப் போயிருந்தாங்க. தம்பி மாஸ்க் இல்லாம சாஞ்சு உக்காந்திருந்தான். கடற்கரையில நடந்தது அதுக்குள்ள போன்ல வந்து சேந்திருந்துச்சு.

"சொல்லிட்டியாக்கா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாரு முன்னாடியுமா?"

"எல்லாரு முன்னாடியுந்தான்."

"நான்தான் சரி பண்ணி வச்சிருந்தேன்லா. ஒன் மூஞ்சியில நீயே கரியப் பூசிக்கிட்டு வந்து நிக்க. இனிமே ஒன்ன எவன் நம்புவான்?"

"நம்ப வேண்டாம்லே. நீ சொன்ன பொய்ய நம்பி எவனாவது செத்திருந்தா?"

அவன் சுவரப் பாத்துக்கிட்டு இருந்தான். அவன் கோவமா இருக்கான்னு நெனச்சேன். கோவப்படட்டும், அடிக்கக்கூடச் செய்யட்டும்னு கட்டில் ஓரத்துல உக்காந்தேன். அவன் கைய எடுத்து என் மடியில வச்சுக்கிட்டேன். ஊசி போட்ட எடம் வீங்கி இருந்துச்சு.

"அப்போ நேத்து நான் கீழ கெடக்கும்போது செத்துக்கிட்டா இருந்தேன்?"

"ஆமாலே."

"தெரியவே இல்லக்கா. அவ்வளவு சொகமா இருந்துச்சு. தலைவலி இல்ல, வாடை இல்ல. கால் கையெல்லாம் லேசா, கண்ணு சொருகிக்கிட்டு. எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு, அந்த நேரத்துல நான் ஒன்னத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம அக்கா நமக்குச் செஞ்சு குடுத்த காத்துன்னு நெனச்சேன்."